அல்சேசன் குட்டி வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

போன மாதம் 45,000 ரூபா கொடுத்து ஒரு அல்சேசன் (ஜெர்மன் ஷெப்பர்ட்) நாயின் கடுவன் குட்டி வாங்கினேன். ஒன்பதாம் நாள் அதை வளவுக்குள் மாமரத்தடியில் தாட்டேன். யாழ்ப்பாணத்தில் இப்போது குட்டி தேடித் திரிகிற யாருக்கும் இது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முகநூல் விளம்பரம் பார்த்து விற்கிறவரோடு கதைத்தேன். இரண்டு மாதக் குட்டி, இரண்டு ஊசி போட்டாச்சு, தாய் தகப்பன் பொலிஸ் நாய்ப் பரம்பரை என்றார். வீட்டுக்கு வந்து தாயைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, தாய் கொழும்பில் நிற்கிறது, நீங்கள் ஏன் அண்ணை வீணாக அலைவான், நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி, திருநெல்வேலிச் சந்திக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு காட்போட் பெட்டியோடு வந்தார். பால்குட்டிகள் இங்கே, தாய் கொழும்பில் என்றால் அது என்ன கதை என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். மகள் அதற்குள் குட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துவிட்டாள். காசை எண்ணிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் இரவு சத்தி. விடியும்போது இரத்தத்தோடு வயிற்றோட்டம், விறாந்தை முழுக்க ஒரு கெட்ட நாற்றம். மிருக வைத்தியர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். “தம்பி, இதுக்கு ஐந்து கிழமைதான் இருக்கும்” என்றார். பிறகு தடுப்பூசி அட்டையைக் கேட்டார். அதில் பேனையால் எழுதிய இரண்டு திகதிகள் மட்டும் இருந்தன. ஊசி மருந்துக் குப்பியில் இருந்து உரித்து ஒட்டும் லேபல் இல்லை, வைத்தியரின் முத்திரையும் இல்லை. முதல் ஊசியே 6 கிழமைக்குப் பிறகுதான் போடத் தொடங்குவார்கள், அப்புறம் மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை 16 கிழமை வரை போகும். ஐந்து கிழமைக் குட்டிக்கு எங்கே இரண்டு ஊசி போட்டார்கள்? நோய் பார்வோ, குட்டி நாய்களின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். அறிகுறி தெரியவே மூன்று முதல் ஏழு நாள் எடுக்கும் என்பதால், பெட்டிக்குள் இருக்கும்போதே கிருமி ஏறியிருக்கும் என்றார் வைத்தியர். ஐந்து நாள் காலையும் மாலையும் சேலைன் ஏற்றினோம். கடைசி நாள்வரை மகளின் குரல் கேட்டால் வாலை அசைத்தது.

விற்றவருக்கு அழைத்தேன். “நீங்கள் கண்டதையும் தின்னக் கொடுத்திருப்பீர்கள்” என்றார். அடுத்த நாள் என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்.

அவர் சொன்ன இன்னொரு விடயமும் எனக்கு ஆறவில்லை. சங்கிலியில் கட்டியே வளருங்கள், அப்பத்தான் கோபம் வரும் என்றார். இந்த நாய் எதற்காக உருவாக்கப்பட்டது என்று தெரிந்த ஒருவர் அப்படிச் சொல்லமாட்டார். இது மந்தை நாய். 1899இல் மக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மன் இராணுவ அதிகாரி கார்ல்ஸ்ரூவ நகரத்து நாய்க் கண்காட்சி ஒன்றில் ஒரு மேய்ச்சல் நாயைக் கண்டு, வாங்கி, ஹோரான்ட் என்று பெயர் மாற்றி, அதிலிருந்துதான் இந்த இனத்தைத் தொடங்கினார். முதலாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியர் ஜெர்மன் பெயர் வேண்டாம் என்று வைத்த அல்சேசன் என்ற பெயரைத்தான் நாங்கள் இன்றும் சொல்கிறோம். வேலியில்லாத நிலத்தில் ஆடுகள் பயிருக்குள் இறங்காதபடி மந்தையின் ஓரமாக நாள் முழுக்க ஓடித் திரிவதுதான் இதன் வேலை. நடமாடுகிற வேலி என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட பிராணியைப் படலையடியில் ஒரு முழச் சங்கிலியில் கட்டினால் அது காவல் காக்காது, பயத்திலும் சலிப்பிலும் குரைத்துக் குரைத்து யாரையாவது கடிக்கும். காலையும் மாலையும் ஓட விட வேண்டும், ஏதாவது வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். குளிர் நாட்டுக்குரிய இரட்டை மயிர் என்பதால் எங்கள் வெயிலுக்கு நிழலும் தண்ணீரும் கட்டாயம், ஆனால் மயிரை ஒட்ட வழிக்காதீர்கள், வெயிலில் இருந்து தோலைக் காப்பதும் அதுதான். வளர்ந்த கடுவன் 30 முதல் 40 கிலோ வரும். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருகிற இனம், ஆகவே தாயும் தகப்பனும் நடப்பதைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். காட்ட மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள், பிள்ளை அழுதாலும் பரவாயில்லை.

ஊரில் பலர், குட்டி செத்தால் சரி, இன்னொன்று வாங்கு என்கிறார்கள். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சவர்க்காரத் தண்ணீருக்கு அசையாது. சீமெந்துத் தரையை பிளீச்சிங் கரைசலால் கழுவலாம், வளவு மண்ணை என்ன செய்வது? ஊசி முழுதாகப் போட்டு முடிக்காத குட்டியை ஒரு வருடத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரமாட்டோம்.

அந்தப் பெட்டிக்குள் இன்னும் மூன்று குட்டிகள் இருந்தன. ஒன்று பருத்தித்துறைக்கு, இரண்டு கிளிநொச்சிக்கு என்று அவரே சொன்னார். போன மாதம் சந்தியில் வைத்து யாராவது உங்களுக்கு இப்படிக் குட்டி தந்திருந்தால், நன்றாக விளையாடுகிறதே என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அட்டையையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையே மிருக வைத்தியரிடம் போங்கள்.