வாட்ஸ்அப் பிசினஸ்: சின்னக் கடையின் பெயர் மனதில் நிற்க உதவுமா?

சிங்கப்பூரில், தேக்காவில் பூக்கடை, சிராங்கூன் சாலையில் மளிகைக்கடை, தையற்கடை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையிலிருந்து முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்பவர்கள் என எல்லாரிடமும் இன்று வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இருக்கிறது. 2018 ஜனவரியில் வந்த இந்தச் செயலிக்குக் காசு கிடையாது. ஆர்டர் எடுக்க நல்ல கருவி என்பதிலும் சந்தேகமில்லை. அதில் போடும் படமும் எழுத்தும் கடைப் பெயரை வாடிக்கையாளர் மனதில் பதிய வைக்கின்றனவா என்பதை மட்டும்தான் இந்த மதிப்பீடு பார்க்கிறது. பதிய வைக்கும்; ஆனால் உங்கள் எண் அவர் தொலைபேசியில் ஒரு பெயரோடு ஏறிய பிறகுதான். அது நடக்காத வரை செயலியின் பாதி வசதிகள் இருந்தும் இல்லாதவையே.

காரணம் செயலி இயங்கும் விதத்திலேயே இருக்கிறது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஸ்டேட்டஸுக்கு நிபந்தனை இன்னும் கடுமை: அவர் உங்கள் எண்ணையும், நீங்கள் அவர் எண்ணையும் சேமித்திருக்க வேண்டும். இது தெரியாமல் வாரம் முழுக்கப் படம் போட்டுவிட்டு, "யாரும் பார்க்கவே மாட்டேங்கிறாங்க" என்று செயலியைத் திட்டுகிறவர்கள் நிறைய. பார்க்க வேண்டியவர் கைக்குப் படம் போகவே இல்லை.

ஆகவே முதல் வேலை தொடர்பு அட்டை. உங்கள் கடை எண்ணை உங்கள் தொலைபேசியிலேயே ஒரு புதுத் தொடர்பாகச் சேமியுங்கள். முதல்முறை எழுதும் வாடிக்கையாளருக்குப் பதில் சொன்ன கையோடு, இணைப்புக் குறியை அழுத்தி 'தொடர்பு' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த அட்டையை அனுப்புங்கள். அவர் 'சேர்' என்று அழுத்தினால் நீங்கள் வைத்த பெயரே அவர் தொலைபேசியில் ஏறிவிடும். அவராகச் சேமித்தால் 'பூக்காரம்மா', 'தேக்கா டெய்லர்' என்று ஏதாவது போட்டுக்கொள்வார். அப்படிப் பத்துப் பேர் பத்துப் பெயரில் வைத்திருந்தால், ஒருவர் இன்னொருவருக்குக் கடையைப் பரிந்துரைக்கும்போது உங்கள் பெயர் அவர் வாயில் வராது.

அட்டையில் பெயரை ஆங்கில எழுத்தில் முதலிலும், தமிழில் அடுத்தும் போடுவது நல்லது. சிங்கப்பூர்த் தமிழர் வீட்டில் பேசுவது தமிழாக இருந்தாலும் தொலைபேசியில் தேடுவது பெரும்பாலும் ஆங்கில விசைப்பலகையில்தான். தமிழில் மட்டும் சேமித்த பெயர் தேடும்போது அகப்படாது. பெயருக்குப் பின்னால் விற்கும் பொருளையும் ஒரே சொல்லில் சேருங்கள்: பூ, தையல், பலகாரம். கடைப் பெயர் மறந்தவர்கூடப் பொருளைத் தட்டித் தேடி, பெயரை மறுபடி பார்ப்பார்.

பெயர் விஷயத்தில், தொலைபேசி வழியாக வங்கிப் பணம் அனுப்பும் பேநவ் தனித் தலைவலி. நிறுவன எண் வழியாகப் பணம் அனுப்பும்போது திரையில் தெரிவது, நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிந்த பெயர். பெயர்ப்பலகையில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று, பணம் கட்டும்போது 'இன்னார் டிரேடிங்' என்று மூன்றாவது ஒன்று. மோசடிச் செய்திகளுக்குப் பயந்திருக்கும் இந்த ஊரில், வாடிக்கையாளர் அந்த இடத்தில் கையை எடுத்துவிடுவார். பதிந்த பெயரை மாற்ற முடியாவிட்டால், பணம் கேட்கும் செய்தியிலேயே "திரையில் இந்தப் பெயர் வரும், நாங்கள்தான்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இதை விரைவுப் பதிலாக (முன்பே எழுதிச் சேமித்த பதிலாக) வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டாம். செயலியில் 50 விரைவுப் பதில்கள் வரை வைக்கலாம், சாய்கோட்டை (/) தட்டினால் பட்டியல் வரும்.

வாழ்த்துச் செய்தி வசதிதான் இந்தச் செயலியில் நினைவுக்கு அதிகம் உதவுவது. அதையே பலரும் வீணடிக்கிறார்கள். முதல்முறை எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்பி வருகிறவருக்கும் அது தானாகப் போகும். அதாவது, மறக்கத் தொடங்கியவர் திரும்பும் அதே நேரத்தில் உங்கள் குரல் கேட்கிறது. அதில் "எங்களைத் தொடர்புகொண்டமைக்கு நன்றி, விரைவில் பதிலளிப்போம்" என்று எழுதினால் எந்தக் கடைக்கும் பொருந்தும்; பொருந்துவதாலேயே நிற்காது. பூக்கடைக்கு இப்படி எழுதலாம்: "வணக்கம், (கடைப் பெயர்). சரமா, மாலையா? எத்தனை முழம், எந்த நாள், எத்தனை மணிக்கு வேணும்னு எழுதுங்க. விடியக்காலை கட்டித் தர்றோம்." பெயர், பொருள், அடுத்துச் செய்ய வேண்டியது, கடைக்கே உரிய ஒரு வரி. அந்தக் கடைசி வரியை வருடக் கணக்கில் மாற்றாதீர்கள். கடைக்காரருக்கு அலுத்துப்போகும், தினம் அதைப் பார்ப்பவர் அவர். வாடிக்கையாளர் எப்போதோ ஒருமுறைதான் பார்க்கிறார்.

விற்கும் பொருள்களைப் படமும் விலையுமாகக் காட்டும் கேட்டலாக் பகுதியில் 500 பொருள் வரை ஏற்றலாம். ஏற்றத் தேவையில்லை. முப்பது பொருளுக்குச் சுத்தமான படமும் விலையும் இருந்தாலே போதும். நாட்டு மருந்துக் கடைகள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: மருந்து வகைகளை வாட்ஸ்அப்பின் வணிக விதிகள் தடுக்கின்றன, பொருள் நிராகரிக்கப்பட்டால் மறுபரிசீலனை கேட்கலாம், ஆனால் மருந்து என்று எழுதியிருந்தால் பலன் கிடைப்பது கடினம்.

இனிப் படங்கள். ஒரு பலகாரப் படத்தை வாடிக்கையாளர் தன் குடும்பக் குழுவுக்கு அனுப்பினால், அங்கே 'ஃபார்வர்ட்' என்ற குறிப்பு மட்டும் தெரியும். அனுப்பிய கடையின் பெயர் கூடப் போகாது. படத்துக்குக் கீழே எழுதிய வரியையும் அனுப்புகிறவர் நீக்கிவிடலாம். ஆகவே பெயர் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஓரத்தில் மங்கலான நீர்க்குறியாக அல்ல. ஒரே நிறத்தில் ஒரு பட்டை, எல்லாப் படத்திலும் ஒரே மூலையில், அதில் கடைப் பெயர், வேறெதுவும் வேண்டாம். நிறத்தைத் தேர்வதற்கு முன் உங்கள் தெருவை ஒருமுறை பாருங்கள். அக்கம்பக்கத்துப் பலகையெல்லாம் மஞ்சளும் சிவப்பும் என்றால் நீங்களும் மஞ்சள் எடுப்பதில் அர்த்தமில்லை. ஒரே மாதிரி வரிசையில் வேறுபட்டு நிற்பதுதான் நினைவில் தங்கும் என்று 1933இலேயே உளவியலாளர் ஃபான் ரெஸ்டார்ஃப் சோதித்துக் காட்டியிருக்கிறார்.

ஸ்டேட்டஸ் படத்துக்கு 1080க்கு 1920 பிக்சல் அளவு. மேலே பெயர்ப் பகுதியும் கீழே பதில் பெட்டியும் மறைக்கும் என்பதால் இரு பக்கமும் சுமார் 250 பிக்சலுக்குள் எழுத்து வைக்காதீர்கள். புடவைக் கரை, நகை வேலைப்பாடு போன்ற நுணுக்கம் தெரிய வேண்டிய படத்தை எச்டி தேர்வோடு அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் செயலி சுருக்கிவிடும். முகப்புப் படம் வட்டமாக வெட்டப்படும், அரட்டைப் பட்டியலில் நகத்தளவுதான் தெரியும். அதில் முழுப் பெயரையும் கடை முகவரியையும் திணித்தால் எறும்பு வரிசைதான். ஒரு எழுத்து அல்லது ஒரு வடிவம் போதும்.

தமிழ் எழுத்தில் கெடும் இடங்கள் இரண்டு. வடிவமைப்பு மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை என்றால் 'கொ', 'கை' போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும். அடோபி மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான உரை அமைப்பைத் தேர்ந்தால் சரியாகும். அச்சகத்திலிருந்து வாங்கிய பழைய கோப்பு பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால், அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். கொம்பு முறிந்த பெயர்ப்பட்டையோடு மாதக்கணக்கில் படம் போடும் கடைகள் உண்டு. தமிழ் படிப்பவர் அதையும் நினைவில் வைப்பார், வேறு விதமாக.

எப்போது அனுப்புவது என்பதில் கடைக்காரர்களின் வழக்கம் தலைகீழ். தீபாவளியன்று காலை எல்லாக் கடையும் ஒரே குத்துவிளக்குப் படத்தை அனுப்புகின்றன. யார் அனுப்பியது என்று சாயங்காலம் யாருக்கும் தெரியாது. வாங்க வேண்டிய தருணத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள். தையற்கடை என்றால், ரவிக்கை தைக்கக் கொடுக்கக் கடைசித் தேதி எது என்பதைத் தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பு ஒருமுறை, மூன்று வாரம் முன்பு ஒருமுறை. சைவச் சாப்பாட்டுக்கடை என்றால் புரட்டாசி வெள்ளிக்கிழமை மாலையே மறுநாள் பட்டியல். சனிக்கிழமை ஸ்ரீ ஸ்ரீநிவாச பெருமாள் கோயிலுக்கு வருகிறவர் எங்கே சாப்பிடுவது என்பதை முதல்நாளே பேசி வைத்துக்கொள்வார். பூக்கடைக்கு வியாழன் மாலை. இப்படி ஒரு நாளோடும் ஒரு தேவையோடும் பெயர் ஒட்டிக்கொண்டால், அந்தத் தேவை வரும்போது பெயரும் வரும். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பது 1885இல் உளவியலாளர் எபிங்ஹவுஸ் கண்டது. ஆகவே புது வாடிக்கையாளருக்கு முதல் வாரத்தில் இரண்டு முறை, அதன்பின் வாரம் ஒன்று. அதற்கு மேல் போனால் உங்கள் செய்தியின் ஒலியை முடக்குவார்கள், எண்ணையே தடுப்பார்கள். தடுப்பும் புகாரும் கூடினால் கணக்கே முடங்கக்கூடும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2014 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள 'அழைக்க வேண்டாம்' பதிவேடு, தொலைபேசி எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் விளம்பரத்துக்கும் பொருந்தும். ஒருமுறை பொருள் வாங்கினார் என்பது மட்டும் சம்மதமாகாது. "வாராந்திரப் பட்டியல் அனுப்பலாமா?" என்று கேட்டு, அவர் "சரி" என்று எழுதிய பதிலை அழிக்காமல் வையுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்தும் வழியையும் சொல்லுங்கள். வாடிக்கையாளர்களைக் கேட்காமல் ஒரே குழுவில் போடுவது மிக மோசம்: ஒருவர் எண் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஒருவர் எழுதுவதைப் பலர் பின்தொடர்ந்து படிக்கும் சேனல் வசதி 2023 ஜூனில் உலகிலேயே முதலில் வந்தது சிங்கப்பூருக்கும் கொலம்பியாவுக்கும்தான். அதைப் பின்தொடர்பவர் எண்ணைச் சேமிக்க வேண்டியதில்லை, எண் வெளியே தெரிவதும் இல்லை. ஆனாலும் சின்னக் கடைக்கு அது அவ்வளவாக உதவாது. செய்தி அரட்டைப் பட்டியலுக்கு வராமல் தனிப் பக்கத்தில் கிடக்கும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பிராட்காஸ்ட் செய்தியை அழுத்திப் பிடித்து 'தகவல்' பாருங்கள். பட்டியலில் 200 பேர், சேர்ந்தது 90 பேருக்கு என்றால், மீதியில் பெரும்பாலோர் உங்களைச் சேமிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். படத்தை மாற்றுவதை நிறுத்திவிட்டு அட்டை அனுப்புவதில் இறங்குங்கள். இன்னொரு சோதனை: பழைய படம் ஒன்றில் பெயர்ப் பட்டையை விரலால் மறைத்து, வழக்கமாக வருகிறவரிடம் காட்டி யார் கடை என்று கேளுங்கள். நிறத்தையும் இடத்தையும் வைத்தே அவர் சொல்லிவிட்டால் வேலை நடந்திருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை தரலாம். அரை மதிப்பெண் வாழ்த்துச் செய்திக்காகவே. குறைத்தது, சேமித்தால்தான் போகும் என்ற நிபந்தனையைச் செயலி எங்கும் உரக்கச் சொல்லாததற்கு.

தொடங்குவதற்கு முன் எண்ணை முடிவு செய்யுங்கள். ஊழியரின் சொந்த எண்ணில் கணக்குத் திறந்தால், அவர் வேலையை விடும்போது அத்தனை பேர் தொலைபேசியிலும் இருக்கும் உங்கள் பெயர் அவரோடு போய்விடும். கடைப் பெயரில் வாங்கிய இணைப்பு வேண்டும். கடையின் தரைவழித் தொலைபேசி எண்ணையும் அழைப்பு மூலம் சரிபார்த்துப் பதியலாம். இருபடிச் சரிபார்ப்பின் ஆறு இலக்க எண் முதலாளியிடம் இருக்கட்டும். 120 நாள் பயன்படுத்தாமல் விட்டால் கணக்கு அழிக்கப்படும் என்பதால், கடையைப் பல மாதம் மூடிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் செயலி உள்ள தொலைபேசியைக் கையோடு எடுத்துப் போய் இணையத்தில் இணைத்து வைத்திருக்க வேண்டும்.