ஏழு வருடம் மிதித்துப் பார்த்த கல் தரை

திருச்சியில் வீடு கட்டி 2018 ஆவணியில் பால் காய்ச்சினோம். டைல்ஸ் வேண்டாம், கல்தான் என்று நான் பிடித்த பிடிவாதத்தில் ஹாலுக்கும் போர்டிகோவுக்கும் கிரானைட், படுக்கையறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் கோட்டா, சமையலறை அலமாரிக்குக் கடப்பா, பூஜையறைக்கு மட்டும் வெள்ளை மார்பிள் என்று முடிவானது. "வீடு கட்டுறோமா, கல் கடை வைக்கிறோமா?" என்று மகன் கேட்டான். இப்போது அவன் நண்பன் வீடு கட்டுகிறான். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று போனை என்னிடம் நீட்டுகிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

நான்கில் விலை குறைந்தது கோட்டா. எனக்குப் பிடித்ததும் அதுதான். ராஜஸ்தானிலிருந்து வரும் சுண்ணாம்புக் கல். பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் அத்தனை வருடம் பிள்ளைகள் ஓடியும் கிடந்தபடி கிடந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா" என்றான் மகன். இருக்கட்டுமே. சித்திரை மத்தியானத்தில் கரண்ட் போனால் வீட்டில் எல்லோரும் தலையணையை எடுத்துக்கொண்டு போய் விழுவது அந்த ஆஸ்பத்திரியில்தான். ஆனால் மாடி அறையிலும் இதே கோட்டாதான், அங்கே மே மாதம் ராத்திரி வரைக்கும் தரையில் வெதுவெதுப்பு போகாது. மேலே தளம் காய்ந்தால் கீழே கல் என்ன செய்யும்?

கோட்டா வாங்கப் போகிறவர்கள் டேப் கொண்டு போங்கள். இரண்டுக்கு இரண்டு என்று பில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து அளந்தால் 22 அங்குலம். "அது அப்படித்தான்மா, எல்லா இடத்திலேயும் அதுதான் கணக்கு" என்றார் கடைக்காரர். மேஸ்திரியும் அதையே சொன்னார். தெரிந்திருந்தால் சதுர அடிக் கணக்கை முதலிலேயே சரியாகப் போட்டிருப்பேன். கனமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு கல் தடித்தும் ஒரு கல் மெலிந்தும் வரும், அதனால் அடியில் கலவையைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொன்றாக ரசமட்டம் பார்த்துப் பதிக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டுகிற வேகத்தில் வேலை நடக்காது.

அப்புறம் பாலிஷ். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கல்லைப் பதித்த பிறகு மெஷினை வைத்து, சொரசொரப்பான தேய்ப்புக் கல்லில் தொடங்கி நைஸான தேய்ப்புக் கல் வரை மாற்றி மாற்றித் தேய்க்கிறார்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்ப்பதால் வீடெல்லாம் கெட்டித் தயிரைக் கரைத்த மாதிரி சேறு. நாங்கள் பெயின்டை முதலில் அடித்துவிட்டோம்! முழங்கால் உயரத்துக்குச் சுவர் முழுக்கச் சாம்பல் நிறத் தெறிப்பு, திரும்பவும் ஒரு கோட்டிங் கூலி. பாலிஷ் முடியட்டும், கடைசிப் பெயின்ட் அப்புறம்.

மார்பிளில் நான் ஏமாந்தது கல்லால் இல்லை, புளியால். முதல் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, அரைகுறையாக அலசி, ஈரத்தோடு பூஜையறையில் வைத்தேன். சாயங்காலம் எடுத்தால் அடியில் வட்டமாக ஒரு மங்கல். கறை என்று நினைத்துத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், போகவில்லை. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் லேசாக மாவு பட்ட மாதிரி இருந்தது. அது கறையே இல்லை; புளிப்பு அந்தக் கல்லைக் கொஞ்சம் தின்றிருக்கிறது. மார்பிளானாலும் கோட்டாவானாலும் கடப்பாவானாலும் சுண்ணாம்புச் சத்துதான். புளி, எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எதுவும் ஆகாது. கடப்பா அலமாரியில் ஊறுகாய் ஜாடி இருந்த இடம் வெளிறிப்போனதும் அதனால்தான். அதில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்துக் கறுப்பை மீட்கிறேன், பத்து நாள் தாங்கும்.

கிரானைட்டுக்குப் புளி பொருட்டே இல்லை. ஏழு வருடத்தில் ஹாலில் நாற்காலி இழுத்த கீறல்கூடக் கிடையாது. எண்ணெய்தான் எதிரி. வெளிர் நிறம் எடுத்தோம், நல்லெண்ணெய்ப் பாட்டில் உருண்டு ஒரு மூலை கறுத்துவிட்டது. சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு ராத்திரி வைத்தேன்; இப்படி மூன்று முறை செய்தபின் முக்கால்வாசி போனது.

போர்டிகோவிலும் அதே பளபளப்புக் கல்லைப் போட்டது என் முட்டாள்தனம். முதல் ஐப்பசி மழையிலேயே இவர் பால் பாக்கெட்டோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. படிகளை மட்டும் பெயர்த்து, மேல்பரப்பை நெருப்பில் பொரியவிட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட்டாக மாற்றினோம். ஈரத்தில் கால் நிற்கிறது. ஆனால் மாப் நூலெல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும், தென்னங்குச்சி விளக்குமாறுதான் சரி.

மாமியாருக்கு மார்கழியில் இந்தத் தரை ஆகாது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை கோரைப்பாய் விரித்திருக்கிறோம், அதன் ஓரம் தடுக்காமல் இருக்க நான்கு மூலையிலும் டேப். வயதானவர்கள் இருக்கிற வீடு என்றால் அந்த ஒரு அறைக்காவது வேறு யோசியுங்கள்.

எதிர்வீட்டில் போன கோடையில் விட்ரிஃபைடு டைல்ஸ் இரண்டு வரிசை கூடாரம் மாதிரி புடைத்துக்கொண்டது. அதே டிசைன் இப்போது கடையில் இல்லை, நடு ஹாலில் வேறு நிறம் போட்டிருக்கிறார்கள். என் கோட்டாவும் நடமாடுகிற இடத்தில் மங்கிவிட்டதுதான். தை பிறந்ததும் பாலிஷ்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பூஜையறை வட்டத்தையும் அப்போதே எடுத்துத் தருவாராம். அதுவரைக்கும் அதன் மேல் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, விளக்கை அதில் வைக்கிறேன்.