கல்லைப் பார்த்து வாங்க வேண்டிய மேசை: பழைய பரோஸ் அண்ட் வாட்ஸ் ஸ்னூக்கர் மேசை ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தில் முழு அளவு ஸ்னூக்கர் மேசை கிடைப்பது அரிதன்று. தொழிலாளர் கிளப்புகள் மூடப்படும்போது அங்கிருந்த எட்டுக்கால் மேசைகள் பல சமயம் கழற்றி ஏற்றும் கூலிக்கே கைமாறிவிடுகின்றன. அதே அளவும் ஏறக்குறைய அதே வயதும் உள்ள வேறொரு மேசையோ, கால்களில் செதுக்கு வேலை இருப்பதாலும் விக்டோரியா காலத்தது என்று சொல்லப்படுவதாலும், பல மடங்கு விலையோடு பழம்பொருள் வணிகரிடம் நிற்கிறது. அந்தக் கூடுதல் விலையில் ஆட்டத்துக்கு எவ்வளவு, தோற்றத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இதை வாங்கக் கூடாது. லங்காஷயரில் ஒரு வணிகரின் பட்டறையில் விற்பனைக்கு வந்த பரோஸ் அண்ட் வாட்ஸ் மேசை ஒன்றை நண்பருக்காகச் சென்று பார்த்தேன். அதை முன்வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பரோஸ் அண்ட் வாட்ஸ் 1836 இல் தொடங்கிய நிறுவனம். லண்டன் சோஹோ ஸ்கொயரில் இருந்தது. அதைவிட மூத்தது 1799 இல் தோன்றிய தர்ஸ்டன். மரப்பலகைக்குப் பதிலாக ஸ்லேட் கல்லைப் பரப்பும் வழக்கத்தையும், குளிரில் இறுகிப்போகாத பதப்படுத்திய ரப்பரைக் குஷனுக்கு, அதாவது பந்து பட்டுத் திரும்பும் ஓர விளிம்புக்கு, பயன்படுத்தும் வழக்கத்தையும் நிலைநிறுத்திய பெருமை தர்ஸ்டனையே சேரும் என்பதால், அந்தப் பெயருக்கென்றே சந்தையில் தனி விலை உண்டு. அக்ரிங்டன் நகரின் ரைலி மேசைகள் எளிய தோற்றம் உடையவை. கொடுத்த காசுக்கு ஆட்டம் வேண்டும் என்பவருக்கு நான் முதலில் அவற்றையே சொல்வேன். குஷனின் முதுகுக்கு மரத்துக்குப் பதிலாக எஃகு வைத்த மேசைகளுக்காகப் பரோஸ் அண்ட் வாட்ஸ் பெயரை ஆட்டக்காரர்கள் இன்றும் மதிக்கிறார்கள். நான் பார்த்ததும் அந்த வகைதான்.

மேசை கழற்றி வைக்கப்பட்டிருந்தது. வாங்க வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பழைய மேசையை ஆராய இதைவிட நல்ல நிலை இல்லை. பச்சைத் துணி விரித்து விளக்கு எரியவிட்ட மேசையில் பார்க்க வேண்டிய பாதி மறைந்துவிடும். முழு அளவு மேசையின் தளம் ஐந்து ஸ்லேட் கற்களால் ஆனது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறடி நீளமும் இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் ஒன்றே முக்கால் முதல் இரண்டு அங்குலக் கனமும் கொண்டது; எடை 170 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். ஐந்தும் ஒரே மேசைக்கு உரியவைதானா என்பதை விளிம்பில் பொறித்த எண்களாலும், பக்கத்துக் கல்லோடு பொருந்தும் முளைத் துளைகளாலும் உறுதி செய்ய வேண்டும். இங்கே ஐந்தும் பொருந்தின. மண்பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கல்லையும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். கணீர் என்ற ஒலி வந்தால் விரிசல் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம், மந்தமாக ஒலித்தால் விளக்கை வைத்து நீளவாக்கில் தேட வேண்டும். இணைப்பு விளிம்பில் சிறு சில்லுகள் பெயர்ந்திருப்பது நூறு வயதுக் கல்லில் இயல்பு. பூச்சு வைத்து நிரவிவிடலாம். பந்து விழும் பாக்கெட்டின் வாயில் கல் உடைந்திருந்தால் மட்டும் பேரம் பேசுவதிலும் பயனில்லை, விட்டுவிடுவதே நல்லது.

கல்லின் பக்கவாட்டில் இன்னொரு சோதனை இருக்கிறது. பலர் இதைச் செய்வதே இல்லை. குஷனைக் கல்லோடு இறுக்கும் போல்ட்டுகள் கல்லுக்குள் பதித்த மரைகளில் ஏறுகின்றன. அந்த மரை தளர்ந்து கல்லுக்குள்ளேயே சுற்றினால் குஷன் இறுகாது. பந்து பட்ட இடத்தில் தொப்பென்று ஒலி எழும், வேகம் செத்துவிடும். வணிகர் மறுப்பின்றி ஒரு போல்ட்டைக் கொடுத்து எல்லாத் துளைகளிலும் ஏற்றிப் பார்க்கவிட்டார். இரண்டு மரைகள் தளர்ந்திருந்தன. அவற்றைத் தம் செலவில் மீண்டும் பதித்துத் தருவதாக அவரே முன்வந்து சொன்னது இந்தப் பட்டறையைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிக நல்ல செய்தி.

குஷன்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. நீளப் பக்கங்களில் இரண்டிரண்டும் குறுகிய பக்கங்களில் ஒவ்வொன்றுமாக ஆறு குஷன்கள் உண்டு. இவற்றில் ஒன்றுக்கு மட்டும் பிற்காலத்தில் யாரோ புது ரப்பர் போட்டிருந்தார்கள். மற்ற ஐந்தும் நகத்தால் அழுத்தினால் குழியாத அளவுக்கு இறுகிக் கிடந்தன. இப்படிப்பட்ட மேசையில் ஒரு பக்கம் துள்ளும் பந்து மறுபக்கம் சோர்ந்து திரும்பும். கோணம் கணித்து ஆடுபவருக்கு இதைவிட எரிச்சல் வேறு இல்லை. விற்பனைக் குறிப்பில் ‘குஷன்கள் புதுப்பிக்கப்பட்டவை’ என்று எழுதியிருந்தது பாதி உண்மைகூட அல்ல. ஆறுக்கும் ஒரே நேரத்தில் ரப்பர் மாற்றும் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும் என்று நண்பருக்குச் சொன்னேன். பொருத்தி நிறுத்தி வைத்த மேசையாக இருந்தால், ஒரு பந்தை ஓங்கி அடித்து நீளவாக்கில் ஓடவிடுங்கள். நான்கு முதல் ஐந்து முறையாவது அது மேசையின் நீளத்தைக் கடக்க வேண்டும்.

பாக்கெட்டுகளிலும் ஒரு சங்கதி உண்டு. ஸ்னூக்கர் 1875 இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரியின் கையில் உருவானது. அதன் விதிகள் 1882 இல் நம் ஊட்டி கிளப்பில் எழுதி ஒட்டப்பட்டன. ஆட்டம் இங்கிலாந்தில் பரவ இன்னும் காலம் பிடித்தது. ஆகவே உண்மையான விக்டோரியா கால மேசை பெரும்பாலும் பில்லியர்ட்ஸுக்கென்று செய்யப்பட்டதே. இன்றைய அளவு அச்சை வைத்துப் பார்த்தால் பாக்கெட் வாய் பொருந்தாமல் போகலாம். வீட்டில் ஆடுபவருக்கு அது பெரிய குறை இல்லை. போட்டிக்குப் பயில்பவருக்குப் பெரிய குறை.

மகோகனிக் கால்கள் எட்டும் அழகாகவே இருந்தன. ஆனால் எளிய கிளப் மேசையின் சட்டத்தில் செதுக்கு வேலைக் கால்களைப் பொருத்தி விற்கும் வழக்கம் உண்டென்பதால், காலின் மேல்முனையும் சட்டத்தின் பழைய போல்ட் துளையும் ஒத்துப்போகின்றனவா, உள்பக்க மரத்தின் நிறம் ஒன்றா என்று பார்ப்பது அவசியம். இங்கே ஒத்துப்போயின. புழுத்துளை ஓரிடத்தில் மட்டும், அதுவும் பழையது.

மேசையை நிறுத்துவது தனிக் கலை. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை எட்டுக் கால்களில் இறங்குவதால் தரைத்தளத்துக் கான்கிரீட் தரையே நல்லது. ஆடும் பரப்பு 3569 மி.மீ. நீளமும் 1778 மி.மீ. அகலமும் கொண்டது, சுற்றிலும் பந்தை அடிக்கும் கோலான கியூவை இழுக்க இடம் விட்டால் அறை 22 அடிக்கு 16 அடியாவது இருக்க வேண்டும். ஐந்து கற்களையும் ரசமட்டம் வைத்துச் சமன் செய்யத் தேர்ந்த ஆள் வேண்டும். ஒருமுறை கழற்றிய துணியை மீண்டும் நம்பிப் போட முடியாது. புதிய கம்பளித் துணியின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இந்த வணிகர் ஏற்றுவது, நிறுத்துவது, துணி போடுவது எல்லாவற்றையும் ஒரே விலையில் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் கற்கள் அமர்ந்தபின் மறுபடி வந்து மட்டம் பார்ப்பதையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பெற்றோம்.

எஞ்சியது, குஷனில் பதித்திருந்த பெயர்த் தகடு. அது யானைத் தந்தம். பிரிட்டனின் 2018 ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தபின், 1947 க்கு முந்தைய பொருளில் தந்தம் பத்து விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தாலும் பதிவு செய்த பின்னரே விற்க முடியும். இந்தியாவுக்குக் கொண்டுவர எண்ணுபவர்கள் அத்தகைய தகடுள்ள மேசையைத் தவிர்ப்பது நலம். இந்தியாவில் யானைத் தந்த வணிகத்துக்கே தடை. இந்த மேசைக்குப் பதிவு இன்னும் செய்யப்படவில்லை. குஷன் செலவைக் கழித்த விலைக்கு வணிகர் இசைந்துவிட்டார். பதிவு எண் கைக்கு வந்த பிறகே முன்பணம் கொடுப்பதென்று நண்பர் நிறுத்தி வைத்திருக்கிறார்.