ஒரே ஜாவா ப்ராஜெக்டில் மேவனும் கிரேடிலும்: பல வருட அனுபவம்

எங்கள் ப்ராஜெக்டில் பழைய மாட்யூல்கள் மேவனில் பில்ட் ஆகின்றன, புதியவை கிரேடிலில். பல வருடங்களாக இரண்டையும் சேர்த்தே ஓட்டுகிறேன். இரண்டுமே தேவையான லைப்ரரிகளை இறக்கி, ஜாவா நிரலை ஜார் ஃபைலாகக் கட்டித்தரும் நல்ல பில்ட் கருவிகள். ஆனால் ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்கள் மோதும்போது ஆளுக்கொரு முடிவெடுக்கும்.

ஜேசனைக் கையாளும் ஜாக்சன் லைப்ரரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் சேர்த்த ஒரு லைப்ரரி ஜாக்சன் 2.9-ஐ நேரடியாகக் கேட்கிறது. இன்னொன்று, தான் சார்ந்திருக்கும் வேறொரு லைப்ரரி வழியாக 2.13-ஐக் கேட்கிறது. எந்த லைப்ரரி எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் டிபென்டன்சி மரத்தில் நமக்கு அருகில் இருப்பதைத்தான் மேவன் எடுக்கும், அதாவது 2.9. ஒரே ஆழத்தில் இருந்தால் மேவனின் அமைப்பு ஃபைலான பாம் எக்ஸ்எம்எல்லில் (pom.xml) முதலில் எழுதியது ஜெயிக்கும். கிரேடில் உயர்ந்த வெர்ஷனான 2.13-ஐ எடுக்கும். கம்பைல் இரண்டிலும் சுத்தமாக முடியும். மேவன் கட்டிய ஜார் ஓடும்போதுதான், 2.9-இல் இல்லாத மெத்தடை யாராவது அழைத்து நோ சச் மெத்தட் எரர் வந்து நிற்கும்.

வெர்ஷன்களை ஒரே பி.ஓ.எம்.-இல் (BOM, வெர்ஷன்களைப் பட்டியலிடும் ஃபைல்) வைத்து இரண்டு பக்கமும் இம்போர்ட் செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். பாதி உண்மை. மேவன் அதில் உள்ள வெர்ஷனை அப்படியே திணிக்கும். உள்ளிருந்து யார் எதைக் கேட்டாலும் கண்டுகொள்ளாது. பி.ஓ.எம்.-ஐ இம்போர்ட் செய்யும் கிரேடிலின் பிளாட்ஃபார்ம் அதைப் பரிந்துரையாகத்தான் பார்க்கும்; எங்கிருந்தாவது உயர்ந்த வெர்ஷன் வந்தால் அதற்குத் தாவிவிடும். என்ஃபோர்ஸ்டு பிளாட்ஃபார்ம் போட்டுக் கட்டாயப்படுத்தலாம். ஆனால் நாம் வெளியிடுவது லைப்ரரி என்றால், அந்தக் கட்டாயம் அதைப் பயன்படுத்துபவர் தலையிலும் விழும். அதனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

எனக்குக் கைகொடுத்தது பில்டில் விதிகளைச் சோதிக்கும் மேவனின் என்ஃபோர்சர் பிளகின். அதில் ரிக்வயர் அப்பர் பவுண்ட் டெப்ஸ் என்ற விதியை இயக்கினால், யாராவது கேட்டதைவிடத் தாழ்ந்த வெர்ஷன் தேர்வானால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். உடனே பி.ஓ.எம்.-இல் அந்த வெர்ஷனை உயர்த்திவிடுவோம். அப்புறம் கிரேடில் தாவுவதற்கு மேலே எதுவும் இருக்காது; இரண்டும் ஒரே வெர்ஷனில் வந்து நிற்கும். ஆரம்பத்தில் அடிக்கடி பில்ட் உடையும், டீமில் முணுமுணுப்பும் இருக்கும். ஆனாலும் புரொடக்‌ஷனில் உடைவதற்கு இது எவ்வளவோ மேல்.

கிரேடில் ஸ்கிரிப்ட்டில் மேவன் லோக்கலை (நம் மெஷினிலேயே இருக்கும் லைப்ரரி சேமிப்பை) நிரந்தரமாக வைக்காதீர்கள். அங்கே கிடக்கும் பழைய ஸ்னாப்ஷாட்டை, அதாவது இன்னும் முடியாத வெர்ஷனை, எடுத்துக்கொண்டு பில்ட் ஓடும். தானாக பில்ட் செய்யும் சிஐ சர்வரில் அதே பில்ட் விழும். எந்த வெர்ஷன் ஏன் வந்தது என்று பார்க்க கிரேடிலின் டிபென்டன்சி இன்சைட் கமாண்ட் அருமை. காரணத்தையும் சேர்த்தே சொல்லும். மேவனின் டிபென்டன்சி ட்ரீ கமாண்டை வெர்போஸ் ஆப்ஷன் இல்லாமல் ஓட்டினால், தோற்றுப்போன வெர்ஷன்கள் கண்ணில் படாது.