புரதம் இழையாவதைப் பார்க்க: அணுவிசை நுண்ணோக்கியா, கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியா?

தோலிலும் எலும்பிலும் உள்ள புரதமான கொலாஜனின் மூலக்கூறுகளை யாரும் கோத்துவிடுவதில்லை. அமிலத்தன்மையும் வெப்பமும் சரியாக இருந்தால் அவையே கரைசலில் சேர்ந்து இழையாகிவிடும். அந்த நிகழ்வைப் பார்ப்பதுதான் சிரமம்.

கிரையோ முறை என்பது உறையவைத்து எலக்ட்ரான் கற்றையால் படமெடுப்பது. இதில் மாதிரியைத் திரவ ஈத்தேனில் சட்டென்று அமிழ்த்துவார்கள். பனிப்படிகம் உருவாக அவகாசமே இல்லாமல் நீர் கண்ணாடிபோல் இறுகிவிடும். மூலக்கூறுகள் இருந்த இடத்திலேயே நிற்கும். பல புரத இழைகளில் எந்த அமினோ அமிலம் எதைத் தொடுகிறது என்பதுவரை இதில் தெரியும். 2017 வேதியியல் நோபல் இதற்குத்தான். ஆனால் உறைந்தது உறைந்ததுதான், மேற்கொண்டு வளராது. வெவ்வேறு நேரங்களில் உறையவைத்த மாதிரிகளை வைத்து வரிசையை ஊகிக்க வேண்டும்.

1986இல் வந்த அணுவிசை நுண்ணோக்கி வேறு வழியில் போகிறது. சில நானோமீட்டர் கூர்மையுள்ள முனை, மைக்கா என்ற கனிமத்தின் வழவழப்பான தகட்டின் மேல் இருப்பதைத் திரவத்துக்குள்ளேயே வருடி வரைபடமாக்கும். ஒரே இழை நீள்வதையும், கொலாஜன் இழையின் குறுக்கே ஏறக்குறைய 67 நானோமீட்டருக்கு ஒன்றாக வரும் பட்டைகள் தெளிவதையும் கண்ணெதிரே பார்க்கலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். அதிவேக வகையில் நொடிக்குப் பல படங்கள் கிடைக்கும். 2010இல் கனசாவா பல்கலைக்கழகக் குழு மயோசின் புரதம் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் இழைமேல் நடப்பதையே இப்படிப் படம்பிடித்தது.

இதிலும் சிக்கல் உண்டு. முனை மூலக்கூறைத் தள்ளிவிடலாம். அப்புறம், மைக்காவே கொலாஜன் இழைகளை ஒரு திசையில் படுக்கவைக்கும். அதனால் தகட்டில் கண்ட ஒழுங்கு கரைசலிலும் இருக்கிறதா என்று சோதிக்க, அதே புரதத்தைக் கிரையோவிலும் பார்ப்பது அவசியம். ஒன்றை மட்டும் எடுக்க முடியுமென்றால், வளர்ச்சியைப் படிப்பவருக்கு நான் அணுவிசையையே சொல்வேன்.