மெல்பேர்ண் குடிவரவு அருங்காட்சியகம்: சமத்துவம் சட்டமான கதை

மெல்பேர்ண் பிளிண்டர்ஸ் வீதியின் பழைய சுங்க மாளிகையில் 1998ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் குடிவரவு அருங்காட்சியகத்தை, அவுஸ்திரேலியாவுக்குப் பல்கலாசாரக் கொள்கை எதற்கு என்று கேட்கும் எவருக்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அக்கொள்கையை உணவுத் திருவிழாவாகவும் நடன மேடையாகவும் மட்டுமே அறிந்தவர்கள் நம்மிடையேயும் பலர் உள்ளனர். அதன் அடித்தளம் சட்டத்தின் முன் சமத்துவமே என்பதை இங்கே தெளிவாகப் புரிந்துகொள்ளலாம்.

கட்டடத்தையே முதல் காட்சிப்பொருளாகக் கொள்ள வேண்டும். வெள்ளையர் அல்லாதோரை நாட்டுக்குள் விடாத வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கையின் கருவியான 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் துறைமுகங்களில் நடைமுறைப்படுத்தியவர்கள் சுங்க அதிகாரிகள். சொல்வதெழுதல் தேர்வே அச்சட்டத்தின் கூர்முனை. ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களை அதிகாரி வாசிக்க, வந்திறங்கியவர் அவற்றைப் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பதை அதிகாரியே முடிவு செய்வார். ஆகவே ஆங்கிலத்தில் தேர்ந்த ஓர் ஆசியரை, அவர் கேட்டே இராத மொழியில் சோதித்துத் திருப்பி அனுப்ப முடிந்தது. நாஸிகளை எதிர்த்த செக் நாட்டு எழுத்தாளர் எகோன் கிஷ் 1934இல் வந்தபோது, அவர் பல மொழிகள் அறிந்தவர் என்பதால், ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியில் அவரைச் சோதித்தார்கள். அதை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1958இல்தான் அத்தேர்வு ஒழிக்கப்பட்டது. நிறத்தை ஓரிடத்திலும் குறிப்பிடாத ஒரு விதியால் நிறத்தின் பெயரால் கதவை அடைக்க முடிந்தது என்பதை அறிந்த பிறகு, சமத்துவத்தை நல்லெண்ணத்திடம் மட்டும் ஒப்படைத்துவிட முடியாது என்பது விளங்குகிறது.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, பார்வையாளரைக் குடிவரவு அதிகாரியாக அமர்த்தும் திரைக்காட்சி. வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த விண்ணப்பதாரர்கள் நம்முன் அமர்ந்து பதில் சொல்கிறார்கள். அவர்களை அனுமதிப்பதா மறுப்பதா என்று நாம் தீர்மானிக்க வேண்டும். மனம் அனுமதி என்று சொல்ல, அக்காலத்தின் விதி மறுக்கச் சொல்கிறது. மறுக்கப்பட்டவரின் பக்கமிருந்தே இக்கதையைக் கேட்டு வளர்ந்த ஈழத்தமிழர்களுக்கு, மறுப்பவரின் இருக்கை தரும் சங்கடம் அவசியமான அனுபவம் என்று கருதுகிறேன்.

குடிவரவில் இனப் பாகுபாட்டை 1973இல் பிரதமர் விட்லமின் தொழிற்கட்சி அரசு கைவிட்டதும், 1975இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்ததும் பலர் அறிந்தவை. அடுத்து வந்த, எதிரணியான லிபரல் கட்சியின் பிரேசர் அரசும் குடியேறியோருக்கான சேவைகளை ஆராய்ந்த 1978ஆம் ஆண்டின் கல்பாலி அறிக்கையை ஏற்று அதே வழியில் தொடர்ந்ததால்தான், பல்கலாசாரம் ஒரு கட்சியின் முழக்கமாக நின்றுவிடாமல் நாட்டின் பொதுக் கருத்தாயிற்று. எல்லோருக்கும் சமவாய்ப்பு வேண்டும், ஒருவர் தம் பண்பாட்டை அச்சமின்றிப் பேணலாம், பொதுச் சேவைகள் அனைவரையும் சென்றடைய வேண்டும் என்பன அந்த அறிக்கையின் சாரம். தனிச் சேவைகள் மக்களைப் பிரித்துவிடும் என்று அஞ்சுவோருக்கு, 1973இல் தொடங்கிய தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையே தக்க பதில். ஆங்கிலம் அறியாத ஒரு தாயைத் தனி மருத்துவமனைக்கு அனுப்பாமல், எல்லோரும் செல்லும் அதே மருத்துவமனையில் அதே மருத்துவரிடம் தம் வலியைச் சொல்ல வைப்பது மொழிபெயர்ப்பாளரின் குரல்தான்.

பயணப் பெட்டிகள், கடிதங்கள், குடும்பப் படங்கள் ஆகியவை நெகிழ்ச்சி தருகின்றன. ஆனால் அவற்றின் முன் நின்று மனம் கசிவதோடு பார்வையாளர் பலர் நகர்ந்துவிடக்கூடும். விசா இன்றிப் படகில் வந்தவர்களை அடைத்துவைக்க 1992இல் சட்டமான கட்டாயத் தடுப்புக் காவலைப் பற்றி இன்னும் விரிவாகவும் கடுமையாகவும் பேசியிருக்க வேண்டும் என்பதே என் முதன்மையான குறை. படகில் வந்த எம்மவர் பலரின் வாழ்க்கை அந்தச் சட்டத்தில் சிக்கி ஆண்டுக்கணக்கில் உறைந்து போயிற்று.

செல்பவர்கள் அரை நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். நேர்காணல் காட்சிக்குப் பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தனியே அனுப்பிவிட்டு, அவர்கள் எடுத்த முடிவுகளைப் பிறகு கேளுங்கள்.