அந்தமான் பேக்கேஜ் எடுக்கிறீர்களா? ஃபெர்ரி டிக்கெட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

லீவுக்கு அந்தமான் போகலாம் என்று சென்னையில் டிராவல்ஸ் டிராவல்ஸாக ஏறி விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

தி.நகரில் ஒரு டிராவல்ஸ். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் இங்கே வேண்டாம். விமானம், ஹோட்டல், தீவுக்குத் தீவு போக தனியார் ஏ.சி. கப்பல் எல்லாம் சேர்த்து முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிக்கொண்டார்கள். அப்பா, அம்மா, மனைவி, மகள், நான் என ஐந்து பேர். கையில் கொடுத்தது அவர்களுடைய லெட்டர்ஹெட்டில் அடித்த ஒரு வவுச்சர். கப்பல் பெயர், புறப்படும் நேரம், எங்கள் பெயர், வயது எல்லாம் சரியாக இருந்தன. ‘கன்ஃபர்ம்டு’ என்று சிவப்பு மையில் சீல் வேறு. பி.என்.ஆர். என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கேட்டதற்கு, “அது அங்க போனதும் வாட்ஸ்அப்ல வந்துடும் சார், எல்லாருக்கும் அப்படித்தான்” என்றார்கள்.

அப்படி எதுவும் வரவில்லை. ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்று இருந்த ஊரில், காலையிலேயே ஜெட்டிக்குப் போய்விட்டோம். கவுன்டரில் இருந்தவர் வவுச்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் புக்கிங்கே இல்லை என்றார். சென்னைக்குப் போன் போட்டால், “பத்து நிமிஷம் சார், நம்ம ஆள் வந்துட்டே இருக்கார்” என்று பதில். அந்த ஆள் வருவதற்குள் எங்கள் கப்பல் கண்முன்னாலேயே நிறைந்து, கயிறு அவிழ்த்துக் கிளம்பிவிட்டது. அப்புறம் வந்தவர் ஐந்து டிக்கெட்டுகளை என் கையில் திணித்தார். அரசு ஃபெர்ரியின் டிக்கெட்டுகள். ஒன்றில்கூட எங்கள் பெயர் இல்லை. வேறு யாருடைய பெயரிலோ, ஐலேண்டர் கட்டணத்தில் எடுத்தவை.

அங்கே அரசுக் கப்பல்களில் தீவுவாசிகளுக்கு ஒரு கட்டணம், நம்மைப் போல வெளியிலிருந்து போகிறவர்களுக்கு வேறு கட்டணம். தீவுவாசி என்பதற்கு அட்டை காட்ட வேண்டும். ஏறும் இடத்தில் அலுவலர் டிக்கெட்டை வாங்கி, முன்னால் நின்ற அப்பாவிடம் அட்டையைக் கேட்டார். வாழ்நாள் முழுக்க அரசு வேலை பார்த்தவர், ஒருநாள்கூட டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறாதவர் அவர். “யார் டிக்கெட் இது?” என்று அத்தனை பேர் எதிரில் கேட்டபோது அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. பணத்தைவிட எனக்கு ஆறாதது அதுதான்.

டிராவல்ஸ்காரர்கள் அன்று மாலை சொன்ன பதில்: “கடல் சரியில்ல சார். ஃபெர்ரி எங்க கன்ட்ரோல்ல இல்ல, டெர்ம்ஸ்லயே போட்டிருக்கோம்.” அன்று கடல் சலனமில்லாமல் இருந்தது. நாங்கள் பார்க்க எல்லாக் கப்பலும் போனது. நாங்கள் போக வேண்டியிருந்த ஹேவ்லாக் தீவில் அன்றைய ஹோட்டல் பணம் போச்சு. மறுநாள் சொந்தச் செலவில் புதிதாக டிக்கெட் எடுத்துத்தான் போனோம்.

ஜெட்டியில் எங்கள் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். தெற்கே ஹட் பே என்ற ஊர்க்காரர், பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். கணவரை ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு ஊர் திரும்ப டிக்கெட் கிடைக்காமல் காத்திருந்தார். “தம்பி, உங்களுக்கு இது டூரு. எங்களுக்கு இதுதான் பஸ்ஸு” என்றார். எங்களிடம் கொடுத்த டிக்கெட்டுகள் யார் உட்கார வேண்டிய சீட்டுகள் என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்ததிலிருந்து சிலர், அரசாங்கம் நடத்தினால் இப்படித்தான், எல்லாக் கப்பலையும் தனியாரிடம் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்களை ஏமாற்றியது அரசுக் கப்பல் இல்லை. தனியார் கப்பல் ஹேவ்லாக்குக்கும் நீல் தீவுக்கும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும், ஏனென்றால் அங்கே சுற்றுலாப் பயணி இருக்கிறார். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ஹட் பே ஊருக்கும், 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் கேம்ப்பெல் பே ஊருக்கும் லாபத்தை நம்பி யார் தினமும் கப்பல் விடுவார்கள்? நிகோபாரில் கச்சால் தீவு இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். அவர்களுக்கு அரிசி, மருந்து, படிப்பு எல்லாமே கப்பல்தான். தீபாவளிக்கு ஆம்னி பஸ் என்ன விலை கேட்கிறது, அன்றைக்கு அரசு சிறப்புப் பேருந்து இல்லாவிட்டால் ஊர் போய்ச் சேர முடியுமா என்று நமக்குத் தெரியும். அங்கே வருஷம் முழுக்க அந்த நிலைமை வர விடலாமா? நஷ்டம் வந்தாலும் அரசு மானியம் கொடுத்து ஓட்டத்தான் வேண்டும்.

2016 டிசம்பரில், பிறகு வர்தா புயலாக வந்து சென்னையில் மரங்களைச் சாய்த்த அதே தாழ்வு மண்டலம் அந்தமானில் இருந்தபோது, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைக் கூட்டி வரக் கடற்படைக் கப்பல்களும் போக வேண்டியிருந்தது. 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய தனியார் சுற்றுலாப் படகு மூழ்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் நம் காஞ்சிபுரத்துக்காரர்கள். தனியாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் நாங்கள் போனதும் தனியார் கப்பலில்தான், நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் தனியாரை ஓடவிட்டால் கண்காணிப்பும் கூடவே இருக்க வேண்டும். அரசுக் கப்பலில் தீவு மக்களுக்கான சீட்டை ஏஜென்ட் கை தொட முடியாதபடி பூட்ட வேண்டும்.

சரி, போகிறவர்கள் செய்ய வேண்டியது. வவுச்சரை டிக்கெட் என்று ஏற்காதீர்கள். கப்பல் கம்பெனி கொடுத்த, உங்கள் பெயரும் பி.என்.ஆரும் உள்ள டிக்கெட் வந்த பிறகுதான் ஃபெர்ரிக்கான பணத்தைக் கொடுங்கள். அந்த எண்ணை வைத்துக் கம்பெனிக்கே போன் செய்து கேட்டுவிடுங்கள். கப்பல் ரத்தானால் பணம் யார், எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்பதை எழுதி வாங்குங்கள். அடுத்தவர் பெயரில் டிக்கெட் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள், மாட்டுவது நீங்கள்தான். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவை ஹேவ்லாக்கில் வைக்காதீர்கள். நிஜமாகவே கடல் கொந்தளித்தால் எந்தக் கப்பலும் வராது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915-க்கு அழையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அந்தமான் போக வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. நாங்கள் வவுச்சர், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இணைத்துப் போட்டிருக்கிறோம். இதேபோல் காலிக் கட்டத்தோடு வவுச்சர் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், எனக்கும் தகவல் சொல்லுங்கள்.